ஆறு அவுட், ஒரு பேட்டிங்

மெக்கானிக்ஸ்பர்க், பென்சில்வேனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே வெயில் வந்துவிட்டது. நம் ஊரில் இதற்கு யாரும் ஃபேன்கூடப் போடமாட்டார்கள். இவர்கள் அரை டிராயரோடு திரிந்து, "என்ன சூடு, என்ன சூடு" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "பேரன் ஏன் அவ்வளவு தள்ளி வேலியோரம் தனியா நிக்கிறான், ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?" என்று கேட்டிருந்தீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. அவன் பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்துக்கு ரைட் ஃபீல்ட் என்று பெயர். பிள்ளைகளில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். ஓங்கி அடித்தால் பந்து இடதுபக்கம்தான் போகும். ஆகவே பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையை எந்தக் கோச்சும் வலதுபக்கக் கோடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பேரன் அங்கே நின்றுகொண்டு தும்பி பார்ப்பான், புல்லைப் பிடுங்குவான், ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவான். எப்போதாவது பந்து அந்தப் பக்கம் பறந்தால் மைதானமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அவன் திடுக்கிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பான். அதற்குள் பந்து வேலியைத் தொட்டிருக்கும்.

நீங்கள் பி.டி. மாஸ்டராக இருந்தபோது டீம் எடுப்பது ஐந்து நிமிஷ வேலை. விசில் ஊதி வரிசையில் நிறுத்துவீர்கள், "நீ, நீ, நீ... மத்தவன்லாம் கிளாசுக்குப் போ." ஏன் என்று கேட்ட தகப்பன் மன்னார்குடியில் இருந்ததாகத் தெரியவில்லை. இங்கே அதற்கென்று ஒரு சனிக்கிழமையையே ஒதுக்குகிறார்கள். பிள்ளைகள் முதுகில் நம்பர் குத்திக்கொண்டு வரிசையாக வந்து நாலு பந்து அடித்து, நாலு பந்து பிடித்து, பேஸ் சுற்றி ஓடிக்காட்ட வேண்டும். மானேஜர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அட்டையில் மார்க் போடுவார்கள். எல்லாரும் சம்பளமில்லாத அப்பாக்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பிளம்பர், ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அன்றைக்கு மட்டும் எல்லார் முகத்திலும் ஐகோர்ட் நீதிபதியின் களை இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு டிராஃப்ட் நடக்கும். ஆளுக்கொரு பிள்ளையாக முறை வைத்து எடுப்பார்கள். ஒரு சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். மானேஜரின் சொந்தப் பிள்ளை அப்பாவின் டீமுக்கே வரலாம், ஆனால் இன்ன சுற்றுக்குள் எடுத்தாக வேண்டும் என்று விதி உண்டு. விதி இருந்தால் வழியும் இருக்குமல்லவா? நல்ல ஆட்டக்காரனிடம், "மார்க் போடுகிற அன்று ரெண்டு பந்தை நழுவ விடுடா கண்ணா" என்று சொல்லி அனுப்புகிற அப்பாக்கள் உண்டு. மார்க் குறைந்தால் மற்ற மானேஜர்கள் அவனைச் சீண்டமாட்டார்கள். அப்பாவின் சிநேகிதரான மானேஜர் சாவகாசமாகக் கடைசிச் சுற்றில் அள்ளிக்கொள்வார். நம் பேரனுக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் இயற்கையாகவே நழுவவிட்டான்.

நம் தெருவில் மட்டை யாருடையதோ அவன்தான் கேப்டன். இங்கே கோச் யாருடைய அப்பாவோ அவன்தான் பிட்சர், அதாவது பந்து போடுகிறவன். பிட்சராக இல்லாத நேரத்தில் ஷார்ட்ஸ்டாப், பேட்டிங்கில் முதல் நாலுக்குள் ஓர் இடம். "டாடி பால்" என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் கோச் மகன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறவன், அதை மறுக்க முடியாது. வாரம் முழுக்க வீட்டுக் கொல்லையில் அப்பாவோடு பந்து போடுகிற பிள்ளை நன்றாகத்தான் ஆடும்.

இப்போது பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஆடுவது லிட்டில் லீக் என்ற பிள்ளைகள் பேஸ்பால் அமைப்பில். அதன் விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். லீக் ஆட்டங்களில், டீம் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஆறு அவுட் வரைக்கும் களத்தில் நிற்க வேண்டும், ஒரு தடவையாவது பேட் பிடிக்க வேண்டும். ஆட்டம் ஆறு இன்னிங்ஸ். ஒரு டீம் களத்தில் நின்று எடுக்க வேண்டியது பதினெட்டு அவுட். அதில் மூன்றில் ஒரு பங்கு எந்தச் சவலைப் பிள்ளைக்கும் உறுதி. மானேஜர் இதை மீறினால் முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை அடுத்த ஆட்டத்துக்கு வரக்கூடாது, மூன்றாம் தடவை அந்த சீசனே கிடையாது. கோச்சின் நல்ல மனசை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்காமல், இவ்வளவு இரக்கம் கட்டாயம் காட்டியாக வேண்டும் என்று கணக்குப்போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட்டில் அப்பாக்களின் நல்ல மனசு எத்தனை இன்னிங்ஸ் தாங்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி.

எங்கள் கோச் விதியை மீறுகிறவர் இல்லை. ஒரு அவுட் குறைந்ததில்லை, கூடினதும் இல்லை. மூன்றாவது, நாலாவது இன்னிங்ஸில் பேரன் உள்ளே போவான். ஆறாவது அவுட் விழுந்ததும் அவனே டக்கவுட்டுக்கு நடந்து வந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னைப் பார்த்து, "அப்பா, என் ஆறு முடிஞ்சுது" என்பான். கணக்கில் அவன் கெட்டிக்காரன்.

உங்கள் மருமகளுக்கு இதில் கோபம். போன வருஷம்வரை அவளுக்கு இந்த ஆட்டத்தில் எது அவுட், எது ரன் என்று தெரியாது. இன்று டீமின் ஸ்கோர் புத்தகம் அவள் கையில். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் எத்தனை இன்னிங்ஸ் நின்றான் என்று தனியாக ஒரு நோட்டும் வைத்திருக்கிறாள். பிட்சர் போடுகிற பந்தை எண்ணுவதும் அவள்தான். அதற்கும் சட்டம் இருக்கிறது. 2007-லிருந்து லிட்டில் லீக்கில் பிள்ளைகளுக்கு இன்னிங்ஸ் கணக்கு போய்ப் பந்துக் கணக்கு வந்துவிட்டது. ஒன்பது பத்து வயதுக்காரன் ஒரு நாளைக்கு 75 பந்து, பதினொன்று பன்னிரண்டு வயதுக்காரன் 85. 66 அல்லது அதற்கு மேல் போட்டால் நாலு நாள் ஓய்வு. வளர்கிற முழங்கை அதற்கு மேல் தாங்காது. எங்கள் கோச் மகன் 66-ஐ நெருங்கும்போது எதிர் டீம் அம்மாக்கள் எல்லாம் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள், வாலிபால் கோர்ட்டில் நீங்கள் தண்டால் எண்ணுவீர்களே, அந்தக் குரலில்.

சட்டத்தைப் பெரியவர்கள் எதுவரைக்கும் வளைப்பார்கள் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2005-ல், பென்சில்வேனியாவின் மேற்கே ஒரு சின்ன ஊரில், டி-பால் கோச் ஒருவர். டி-பால் என்பது குச்சி மேல் பந்தை வைத்து அடிக்கிற குழந்தை ஆட்டம். அந்த டீமில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன். விதிப்படி அவனையும் ஆட வைத்தாக வேண்டும். ஆடினால் ஜெயிப்பது கஷ்டம். கோச் என்ன செய்தார் தெரியுமா? டீமில் இருந்த எட்டு வயசுப் பையன் ஒருவனிடம், பயிற்சியின்போது அவன் மேல் பந்தை எறிந்து அடி, அவன் வீட்டுக்குப் போகட்டும், 25 டாலர் தருகிறேன் என்றார். அந்தக் குழந்தையும் எறிந்தான். விஷயம் வெளியே வந்து, கோர்ட்டில் கோச்சுக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. டி-பாலில் கோப்பைக்கு என்ன மதிப்பு இருக்கும்? இரண்டு ரூபாய் பிளாஸ்டிக். இந்தக் கதையை எங்கள் ஊர் அப்பாக்களிடம் சொன்னால் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்புறம் ஆட்டம் ஆரம்பிக்கும். அதே வாய்தான் அம்பயரைப் பார்த்துக் கத்தும்.

அம்பயர்கள் பாடு பரிதாபம். பாதிப்பேர் பதினாறு, பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பையன்கள், கைச்செலவுக்காக நிற்பவர்கள். தாடிக்காரத் தகப்பன் ஒருவர் வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "கண்ணு இருக்கா உனக்கு?" என்பார். பந்து ஒரு விரற்கடை வெளியே போனதா உள்ளே வந்ததா என்று சண்டை. அடுத்த வாரம் அந்தப் பையன் வரமாட்டான். நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபர்ட் என்ற ஊரின் லீக் 2023-ல் இதற்கு நல்ல வைத்தியம் கண்டுபிடித்தது. அம்பயரைத் திட்டி மாட்டிக்கொள்கிறவர் மூன்று ஆட்டத்துக்கு அம்பயராக நிற்க வேண்டும்; அதுவரை மைதானத்துக்குள் வரக்கூடாது. மறுத்தால் ஒரு வருஷம் தடை. நாடெங்கும் செய்தியாகிவிட்டது. இந்த நாட்டில் நான் கண்ட தண்டனைகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். நம் ஊர் டீக்கடைகளிலும் கொண்டுவந்தால் எத்தனை கிரிக்கெட் நிபுணர்கள் மௌன விரதம் இருப்பார்கள்!

இதற்கெல்லாம் தலைமையகம் எங்களிடமிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது. வில்லியம்ஸ்போர்ட் என்று ஊர். 1939-ல் கார்ல் ஸ்டாட்ஸ் என்ற சாதாரண குமாஸ்தா அங்கே மூன்று டீமோடு லிட்டில் லீக்கைத் தொடங்கினார். செலவுக்குக் கைகொடுத்தவை ஒரு பால் கம்பெனி, ஒரு மரவாடி, பிரெட்சல் என்ற முறுக்கிய பிஸ்கட் செய்கிற ஒரு கம்பெனி. 1947-லிருந்து அங்கே உலகத் தொடர் நடக்கிறது. நுழைவுச் சீட்டு இலவசம். ஆகஸ்டில் போனால் ஒரு பக்கம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் டெலிவிஷன் கேமராக்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் அதே வயதுப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன்மேல் உட்கார்ந்து புல்மேட்டில் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு அதிக சந்தோஷம் என்று கேட்டால் சறுக்குகிறவர்களுக்கு என்றுதான் சொல்வேன். ஸ்டாட்ஸுக்கே கடைசியில் லீக்கின் போக்கு பிடிக்கவில்லை. அமைப்பு வியாபாரமாகிறது என்று 1955-ல் கோர்ட்டுக்குப் போய், தான் பெற்ற பிள்ளையை விட்டே பிரிந்துவிட்டார்.

அதே 1955-ல்தான் இன்னொன்றும் நடந்தது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்தில் கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. என்று கறுப்பினப் பிள்ளைகளின் லீக். அவர்கள் ஆல் ஸ்டார் டீம் மாநிலப் போட்டிக்குப் பேர் கொடுத்தது. அவர்களோடு ஆடமாட்டோம் என்று 61 வெள்ளையர் டீம்களும் விலகிக்கொண்டன. எதிரியே இல்லாமல் இந்தப் பிள்ளைகள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். ஆடாமல் ஜெயித்த டீம் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது என்று விதி குறுக்கே வந்து நின்றது. ஆகவே வில்லியம்ஸ்போர்டுக்கு விருந்தாளிகளாகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள், சீருடையில் கொஞ்ச நேரம் பயிற்சி செய்துகாட்டினார்கள், பிறகு ஆட்டத்தைப் பார்க்கக் காலரியில் உட்காரவைக்கப்பட்டார்கள். கூட்டம் "அவங்களை ஆடவிடு" என்று கத்தியிருக்கிறது. ஆடவிடவில்லை. வேடிக்கையாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இதை வேடிக்கையாக்க முடியவில்லை.

பெண் பிள்ளைகளையும் இப்படித்தான் வெகுநாள் வெளியே நிறுத்திவைத்தார்கள். 1950-ல் நியூயார்க் மாநிலத்து கார்னிங்கில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற பெண் தலைமுடியை வெட்டித் தொப்பிக்குள் மறைத்து, டப்பி என்று பெயர் வைத்துக்கொண்டு டீமில் சேர்ந்துவிட்டாள். அப்புறம் தானே உண்மையைச் சொன்னாள். கோச்சும், ஆட்டம் நன்றாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போ என்றார். ஆனால் அடுத்த வருஷம் பெண்களுக்குத் தடை என்று விதி வந்தது. அது உடைய 1974 ஆயிற்று, அதுவும் நியூ ஜெர்சியில் மரியா பெப்பே என்ற பெண்ணுக்காக நடந்த வழக்கினால். இன்று எங்கள் டீமின் மிக நல்ல பேட்டர் ஒரு பெண். பேரனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித்தருபவளும் அவள்தான், கோச் அல்ல.

பிறந்த தேதிச் சான்றிதழ் சமாசாரம் உங்களுக்குப் புதிதில்லை. பதினாலு வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீசையோடு வந்தவனைப் பார்த்து, "உன் பிள்ளை எந்த கிளாஸ் படிக்குது?" என்று கேட்டவராயிற்றே நீங்கள். இங்கேயும் அது உண்டு. 1992-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த டீம் உலகத் தொடரை ஜெயித்தது. வயதும் ஊரும் பொய் என்று தெரிந்து பட்டத்தைப் பறித்தார்கள். 2001-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்து வந்த ஒரு பிட்சர் எதிர் டீமில் ஒருவனைக்கூட பேஸில் ஏறவிடாமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தான். ஊரே கொண்டாடியது. பிறகு பத்திரிகைக்காரர்கள் டொமினிகன் குடியரசுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார்கள். பையனுக்குப் பதினாலு வயசு. 2014-ல் சிக்காகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் டீம், எல்லாம் கறுப்பினப் பிள்ளைகள், அமெரிக்கப் பட்டம் வென்று வெள்ளை மாளிகைவரை போய் வந்தார்கள். எல்லைக்கு வெளியே குடியிருக்கும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள் என்று 2015 பிப்ரவரியில் பட்டம் போயிற்று. எல்லைக்கோட்டு வரைபடத்தில் தில்லுமுல்லு செய்தவர்கள் பெரியவர்கள். பட்டத்தை இழந்தவர்கள் பிள்ளைகள். தண்டனை சரி, போய்ச் சேர்ந்த விலாசம்தான் தப்பு என்பது என் கட்சி.

பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டால் நன்றாகத்தான் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் டெக்ஸஸில் நடந்த மண்டலப் போட்டியில் ஒரு பிட்சர் போட்ட பந்து பேட்டரின் ஹெல்மெட்டில் பட்டு அவன் விழுந்தான். எழுந்து முதல் பேஸுக்குப் போனவன், பிட்சர் நடு மைதானத்தில் நின்று அழுவதைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டான். அடிபட்டவன் அடித்தவனைத் தேற்றினான். எந்த விதியும் இதைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் லீக்கில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் எதிரும் புதிருமாக வரிசையில் நடந்து, "குட் கேம், குட் கேம்" என்று உள்ளங்கையைத் தட்டிக்கொள்ள வேண்டும். இது கட்டாயம். ஆகவே தோற்ற டீமில் சிலர் உள்ளங்கையில் எச்சில் தடவிக்கொண்டு போவதும் உண்டு. பேரன் இதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். தடவியவன் யார் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டான்.

கடைசியாக ஒரு வழக்கு. வீட்டில் இது முடிகிற வழியாகத் தெரியவில்லை, உங்களிடம் அனுப்புகிறேன்.

2006, உட்டா மாநிலம், பவுன்டிஃபுல் என்ற ஊர். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளின் இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரு ரன் முன்னிலையில் இருப்பவர்கள் பந்து போடுகிறார்கள். மூன்றாவது பேஸில் எதிராளி ஒருவன் நிற்கிறான். மட்டையோடு வருபவன் அந்த டீமின் மிகச் சிறந்த அடிகாரன். அவனுக்கு அடுத்தவன் மூளைப் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்த சின்னப் பையன். உடம்பில் தெம்பு கிடையாது. கோச் யோசித்தார். பெரியவனுக்கு வேண்டுமென்றே நாலு பந்தை வெளியே போடவைத்து முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார்; இதற்கு வாக் என்று பெயர். சின்னவன் வந்தான், மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். ஆட்டம் முடிந்தது, கோப்பை கிடைத்தது. அமெரிக்கா முழுக்க அந்தக் கோச்சைத் திட்டித் தீர்த்தது.

என் கட்சி: அது அநியாயம். எல்லாப் பிள்ளையும் பேட் பிடிக்க வேண்டும் என்று அந்த லீக்கிலேயே விதி. பலவீனமானவனும் ஆடட்டும் என்று சேர்த்துக்கொண்டு, அவன் பலவீனத்தையே கோப்பைக்கு ஏணியாக வைத்தால் அந்த விதி எதற்கு?

உங்கள் மருமகள் என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கோச் பக்கம். "வேண்டுமென்றே வாக் கொடுப்பது விதியில் இருக்கு. அந்தப் பையனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்திருந்தா, அவனை ஆட்டக்காரனாவே சேர்க்கலைன்னுதானே அர்த்தம்? அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? இனிமே பேட்டிங் பழகப்போறேன், என்னைக்காவது எனக்கு வாக் கொடுக்கட்டும்னான். அவனே தேறிட்டான், உங்களுக்கு எதுக்கு வருத்தம்?" என்கிறாள். அவர்கள் அவனை ஆட்டக்காரனாகப் பார்க்கவில்லை, டீமில் இருந்த ஓட்டையாகப் பார்த்தார்கள் என்றேன். "நம்ம கோச் மட்டும்? ஆறு அவுட்டுக்கு மேல ஒண்ணு கூடுதலாக் கொடுத்தாரா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாகச் சாம்பாரில் உப்பு கூடுதல்.

நீங்கள் எத்தனையோ டீம் எடுத்தவர், எத்தனையோ பேரை வகுப்புக்குத் திருப்பி அனுப்பியவர். அந்தக் கோச் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் யாருக்குப் பந்து போடச் சொல்லியிருப்பீர்கள்? போனில் வேண்டாம், மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். கடிதமாக எழுதுங்கள். தீர்ப்பு எனக்கு எதிராக இருந்தால் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புங்கள்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

உங்கள் அன்பு மகன்